பராமரிப்போரைப் பராமரிக்கும் சபை

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நட்டநடுவே, எந்த ஊருக்கும் பக்கமில்லாத ஒரு பொட்டலில், அசக்தர் பரிபாலன தர்மசாலை என்று ஒரு கட்டடம் இருந்தது. கை கால் விழுந்து, பார்க்க ஆளில்லாமல் போன கிழடுகளை வைத்துக் காப்பாற்றுகிற இடம். அது ஏன் பொட்டலில் இருந்தது என்றால், தர்மம் செய்ய முன்வந்த பெரிய மனிதர்களில் பாதிப் பேர் வில்லிபுத்தூர்க்காரர்கள், பாதிப் பேர் ராஜபாளையத்தார். புண்ணியம் எந்த ஊருக்குச் சேர வேண்டும் என்று ஒன்றரை வருஷம் மீட்டிங் போட்டுப் பேசினார்கள். கடைசியில் சர்வேக்காரரைக் கூட்டிவந்து, சங்கிலி பிடித்து அளந்து, மையத்தில் முளையடித்து, அந்த முளைமேலேயே அஸ்திவாரம் போட்டார்கள். முளையிலிருந்து கிணறு இரண்டு பர்லாங்கு தூரம். அது முளையின் குற்றமே தவிர கமிட்டியின் குற்றம் அல்ல.

கட்டடத்துக்கு இரண்டு தலைவாசல். வடக்கு வாசல் வில்லிபுத்தூர் மெம்பர்கள் நுழைய, தெற்கு வாசல் ராஜபாளையம் மெம்பர்கள் நுழைய. மெம்பர்கள் பன்னிரண்டு பேர். உள்ளே கட்டிலில் கிடந்த கிழடுகள் இருபத்தாறு பேர். இந்த இருபத்தாறு பேரையும் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, மலஜலம் எடுத்து, துணி துவைத்துப் போட்டவர்கள் மூன்றே பேர். முத்துப்பேச்சி, நூர்னிசா, தவசிமுத்து. இவர்கள் நுழைவதற்கு வாசல் வைக்க மறந்துவிட்டபடியால், அடுக்களைப் பக்கம் சுவரில் ஒரு ஆள் குனிந்து போகிற அளவுக்குப் பிற்பாடு ஓட்டை போட்டுக் கொடுத்தார்கள்.

முத்துப்பேச்சி வில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்காரி. எட்டு வருஷமாக அங்கே வேலை. அவளுக்கு அந்த இருபத்தாறு பேரில் இருபத்தைந்து பேர் ஒரு பாரம், உக்கிரபாண்டி ஒருத்தர் மட்டும் தனிப் பாரம். உக்கிரபாண்டி பர்மா வரைக்கும் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்த ஹவில்தார். வாதத்தில் ஒரு பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. விழாத பக்கமே இரண்டு மூட்டை நெல்லு கனம் இருக்கும். வாய்க்கு மட்டும் வாதம் வரவில்லை.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அவரைப் புரட்டிப் போட வேண்டும். போடாவிட்டால் முதுகு சிவந்து, வெந்து, புண்ணாகிவிடும். படுக்கைப் புண் வந்தவர்கள் அந்தக் கட்டடத்தை விட்டு ஒரே வழியாகத்தான் போயிருக்கிறார்கள், அது இரண்டு தலைவாசலும் அல்ல. புரட்டுவதற்கு ஒரு முறை உண்டு. அவருக்கு அடியில் ஜமுக்காளம் கிடக்கும். தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவர். இருவரும் ஜமுக்காளத்தின் முனையைச் சுருட்டிப் பிடித்து, முழங்காலை மடக்கி, தலைமாட்டுக்காரர் "உம்" என்றதும் ஒரே தம்மில் எழ வேண்டும். இதற்கு இரண்டு ஆள் வேண்டும். தவசிமுத்து தண்ணீருக்குப் போய்விட்டால் ஒரு ஆள்தான். தவசிமுத்து நாளெல்லாம் தண்ணீருக்குத்தான் போவான். நூர்னிசா அடுப்பை விட்டு நகர்ந்தால் இருபத்தாறு பேருக்கும் கஞ்சி அடிப்பிடிக்கும். ஆகவே முத்துப்பேச்சி தனியாகவே தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்குமாக ஓடிப் புரட்டிப் புரட்டி, அவள் இடுப்பில் ஒரு நரம்பு எப்போதும் 'விண்' என்று தெறித்துக்கொண்டிருந்தது.

இப்படி இருக்கும்போது ஒருநாள் திருநெல்வேலியிலிருந்து ஒரு வெள்ளைக்கார டாக்டர் துரை தர்மசாலையைப் பார்க்க வந்தார். அவர் உள்ளே நுழைந்த நேரம், முத்துப்பேச்சி சீனியம்மாள் என்கிற எண்பது வயதுக் கிழவிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஊட்டிக்கொண்டிருந்தாள் என்பது பேச்சுக்கு. உட்கார்ந்த வாக்கில், கரண்டி கையிலிருக்க, அவள் தூங்கிப் போயிருந்தாள். சரிந்து விழாதபடி சீனியம்மாள் அவளை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறு கையால் கஞ்சியைத் தானே குடித்துக்கொண்டிருந்தாள். "சத்தம் போடாதீக துரை. பாவம், இப்பத்தான் கண்ணசந்தா" என்று கிழவி துரையிடமே சொன்னாள்.

துரை சத்தம் போடவில்லை. போகும்போது விருந்தினர் புஸ்தகத்தில் ஒரே ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். 'இவர்களை இந்தப் பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள். இந்தப் பெண்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? ஆறு மாதத்தில் திரும்ப வருகிறேன்.'

கமிட்டிக்குத் தலைவர் வில்லிபுத்தூர் சுந்தரபாண்டியன். நஞ்சை புஞ்சைக்குக் குறைவில்லாதவர். அந்த வருஷம் சர்க்காரிடமிருந்து ராவ் சாகிப் பட்டம் வந்துவிடும் என்று புதுத் தலைப்பாகைகூட தைக்கச் சொல்லியிருந்தார். இந்த நேரம் பார்த்துத் துரையின் கேள்விக்குறி தூண்டில் முள் மாதிரி அவர் தொண்டையில் மாட்டிக்கொண்டது. உடனே கமிட்டி கூடியது. ஊழியர்களின் குறையை நேரில் விசாரித்தறிவது என்று தீர்மானித்து முத்துப்பேச்சியைக் கூப்பிட்டனுப்பினார்கள்.

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"பயப்படாமச் சொல்லு. ஒனக்கு என்ன குறை?" என்றார் தலைவர்.

"கொறை ஒண்ணுமில்லீங்கய்யா. இன்னொரு ஆளு வேணும்."

"அது கெடக்கட்டும். ஒன் மனசுக்கு என்ன குறை?"

"இன்னொரு ஆளு இல்லையேங்கிறதுதான்யா."

"அட, ஆளை விடு. பொதுவாச் சொல்லு. நீ சொகமா இருக்கணும்னா என்ன வேணும்?"

முத்துப்பேச்சி செத்த நேரம் யோசித்தாள். அவளும் பொதுவாகத்தான் யோசித்தாள். "பொதுவாவும் ஒரு ஆளுதான்யா வேணும். கால்மாட்டப் பிடிக்க."

மினிட்ஸ் புஸ்தகத்தில் இவ்விதம் எழுதப்பட்டது: 'ஊழியர்கள் தனிமை உணர்ச்சியால் மிகவும் வருந்துகிறார்கள்.'

தனிமையைப் போக்கும்பொருட்டு, பராமரிப்போரைப் பராமரிக்கும் சபை என்று ஒன்று ஸ்தாபிக்கப்பட்டது. சபை முழுநேரமும் கவனிக்க ஒரு க்ஷேம சூப்பரிண்டெண்டை நியமிப்பதென்றும் ஏகமனதாக முடிவாயிற்று. செய்தி அடுக்களைக்கு வந்தபோது அது, "ஒரு ஆளு போட்டுட்டாக" என்கிற அளவுக்குச் சுருங்கி வந்தது. முத்துப்பேச்சி ஓடிப்போய் உக்கிரபாண்டியிடம் சொன்னாள்.

"மாமா, ஆளு போட்டுட்டாக! நாளைக்கு வாராக!"

"எம்புட்டுப் பெரிய ஆளு?"

"தெரியலை. ஆம்பளை ஆளுதானாம்."

"நல்லது. என் இடுப்புக்குக் கீழே அவனுக்கு, மேலே ஒனக்கு. பங்கு பிரிச்சுக்கிடுங்க" என்றார் ஹவில்தார்.

மறுநாள் வடக்கு வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்றது. கறுப்புக் கோட்டும் ஜரிகைத் தலைப்பாகையுமாக ஒருவர் இறங்கினார். அவர் பெயர் கண்ணுச்சாமி. எஃப்.ஏ. பரீட்சையை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் பரீட்சைதான் தோற்றுப்போனதாகச் சொல்லிக்கொள்வார். தலைவரின் மச்சினர் என்பது அவருடைய உபரித் தகுதி. முத்துப்பேச்சி அவருடைய தோளைத்தான் முதலில் பார்த்தாள். அகலமான தோள். வயிறு நிறைந்தது அவளுக்கு.

"வாங்கய்யா. நல்ல நேரத்துக்கு வந்தீக. இப்பிடி வந்து கால்மாட்டப் பிடிங்க."

கண்ணுச்சாமி இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். உள்ளங்கை தாமரை இதழ் போலிருந்தது. "அம்மா, நான் பிடிக்க வரலை. நீங்க எப்பிடி இருக்கீகன்னு கேக்க வந்திருக்கேன். எப்பிடி இருக்கீக?"

"கால்மாட்டப் பிடிக்க ஆளில்லாம இருக்கேன்யா."

"அப்பிடி இல்லை. இதுக்கு ரிஜிஸ்டர் இருக்கு. முறைப்படி கேப்பேன்."

முறைப்படி கேட்பதற்கு ஒரு ஆபீஸ் வேண்டியிருந்தது. கட்டடத்தில் காலியாக எந்த அறையும் இல்லை. அரிசி பருப்பு வைக்கிற, மூன்று ஊழியர்களும் படுத்துக்கொள்கிற உக்கிராண அறை ஒன்று இருந்தது. ஊழியர்களின் ஓய்வைக் கவனிப்பதற்காக அந்த அறை எடுத்துக்கொள்ளப்பட்டு, ஊழியர்கள் அடுக்களையில் அடுப்போரம் படுத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டார்கள். ஆபீஸ் என்று இருந்தால் சேவகன் இல்லாமல் நடக்காது. தவசிமுத்துவின் தலையில் ஒரு சிவப்புத் தலைப்பாகையைச் சுற்றி, மார்பில் ஒரு பித்தளை வில்லையைக் குத்தி, ஆபீஸ் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். எழுந்திருந்தால் சபையின் கௌரவம் குறையும் என்று உத்தரவு. தண்ணீர்க் குடம் முத்துப்பேச்சியின் இடுப்புக்கு வந்து சேர்ந்தது.

"என்னக்கா இது? மூணு பேருக்கு ஒரு ஆளு கூடுனா நாலு பேருன்னு நெனச்சேன். ரெண்டாயிருச்சே!" என்றாள் நூர்னிசா.

"கணக்கெல்லாம் படிச்சவுகளுக்குத்தான் தெரியும். நீ கஞ்சியக் கிண்டு" என்றாள் முத்துப்பேச்சி.

தினம் காலையில் க்ஷேம விசாரணை. நாற்பது கேள்விகள். இருபத்தாறு பேரும் ஈரத்தில் கிடந்து கூப்பாடு போட, இரண்டு பெண்களும் ஆபீஸ் வாசலில் வரிசையாக நிற்பார்கள். இரண்டு பேருக்கு வரிசை எது என்று கேட்கக் கூடாது.

"பதினேழாவது கேள்வி. நேற்றைய தினம் மனமகிழ்ச்சி உண்டானதா? எத்தனை தடவை?"

"ஒரு தடவைய்யா. மேக்க பிளவக்கல் மலைப் பக்கம் மேகம் கறுத்துச்சு. மழை பெஞ்சா தண்ணி சொமக்க வேண்டாமேன்னு நெனச்சேன்."

"பெய்ததா?"

"இல்லீங்கய்யா."

கண்ணுச்சாமி நேர்மையான மனிதர். 'மகிழ்ச்சி: அரை' என்று எழுதிக்கொண்டார்.

சபையின் அடுத்த ஏற்பாடு கட்டாய ஓய்வு. பிற்பகல் மூன்று மணிக்குத் தவசிமுத்து மணியடிப்பான். ஊழியர்கள் எந்த வேலை எந்த நிலையில் இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு, முற்றத்தில் பாய் விரித்து, மல்லாந்து படுத்து, நாலு மணி வரை ஓய்வெடுக்க வேண்டும். உண்மையிலேயே ஓய்வெடுக்கிறார்களா என்று சூப்பரிண்டெண்டு ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் ஆஜர் எடுப்பார்.

"முத்துப்பேச்சி!"

"ஓய்வெடுக்கேன்யா."

"நூர்னிசா!"

பதில் இல்லை. நூர்னிசா தூங்கிவிட்டாள். தூங்கினால் ஆஜர் சொல்ல முடியாது. ஆஜர் சொல்லாவிட்டால் ஓய்வெடுக்கவில்லை என்று அர்த்தம். அவளை எழுப்பி, இவ்வளவு சௌகரியம் செய்து கொடுத்தும் ஓய்வெடுக்க மறுப்பது நன்றிகெட்டதனம் என்று எடுத்துச் சொன்னார்கள்.

நாலு மணிக்கு உள்ளே போனால் ஒரு மணி நேரத்து மலமும் ஜலமும் கண்ணீரும் சேர்ந்து காத்திருக்கும். உக்கிரபாண்டி புரளாமல் கிடப்பார். "ஏட்டி, ஓய்வெடுத்து முடிச்சிட்டீயளா? பர்மாவுல எதிரி எங்களுக்கு எதுத்தாப்பல நின்னுதான் சுடுவான். இங்க நம்ம பக்கமே நிக்கானே!" என்பார். முத்துப்பேச்சி அவர் முதுகைத் திருப்பிப் பார்ப்பாள். இடுப்பெலும்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. அதில் தேங்காயெண்ணெய் தடவிவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊழியர்களின் களைப்பு நீங்க உபந்நியாசம். அதை நின்றுகொண்டே கேட்க வேண்டும். உட்கார்ந்தால் சோம்பல் வந்துவிடும் என்பது தலைவரின் அனுபவம். முதல் உபந்நியாசத்தைத் தலைவரே செய்தார்.

"களைப்பு என்பது உடம்பில் இல்லை, மனசில்தான் இருக்கிறது!" என்று சுந்தரபாண்டியன் முழங்கினார். "என்னையே பாருங்கள். காலை ஒன்பது மணிக்கு எழுந்திருக்கிறேன். எண்ணெய் தேய்க்க இருவர், வெந்நீர் விளாவ ஒருவர், விசிறி போட ஒருவர். இத்தனை பேரையும் நான் ஒருவனாக வேலை வாங்குகிறேன். ஒருநாளாவது 'அப்பாடா' என்று சொல்லியிருப்பேனா? என் வீட்டு வேலைக்காரர்கள்தான் சொல்லுகிறார்கள். மனோதிடம் போதாது! பிறருக்குச் சேவை செய்கிறவர்களுக்குத் தேவை என்று ஒன்று இருக்கலாமா? தேவை வந்துவிட்டால் அது சேவை ஆகாது, வேலை ஆகிவிடும். வேலை ஆகிவிட்டால் ஆள் போட வேண்டி வரும். அந்த இழிநிலைக்கு நம்முடைய தர்மசாலையை விட்டுவிட மாட்டேன் என்று உங்கள் சார்பாக நானே உறுதி கூறுகிறேன்!"

வில்லிபுத்தூரார் இரண்டு மணி நேரம் பேசியபடியால், சமத்துவத்தை முன்னிட்டு ராஜபாளையம் மெம்பர் ஒருவரும் இரண்டு மணி நேரம் பேசினார். சொல்ல அவருக்குப் புதிதாக ஒன்றும் இல்லாதபடியால் அதையே திரும்பச் சொன்னார். மூன்றாவது மணி நேரத்தில் நூர்னிசா நின்றபடியே தூங்கிக் கீழே விழுந்தாள். அவள் தவறவிட்ட பகுதியைத் திங்கட்கிழமை அவளுக்காகத் தனியே இன்னொருதரம் நிகழ்த்தினார்கள்.

செவ்வாய்க்கிழமை விடியக்காலம் நூர்னிசா மூட்டையைக் கட்டிக்கொண்டு அந்தச் சுவரோட்டைக்கு அருகே நின்றாள்.

"அக்கா, நான் ராசபாளையத்துல கூடப் பெறந்த லாத்தா வீட்டுக்குப் போறேன். பஞ்சுக் கிட்டங்கில வேலை இருக்காம். நாளெல்லாம் குனிஞ்சு பஞ்சு பெறக்கணுமாம்."

"இங்க என்னட்டி கஷ்டம்?"

"கஷ்டம்னா இருந்திருவேன்க்கா. ஆறு வருசமா இருக்கலையா? இந்தச் சொகந்தான் தாங்க முடியலை."

முத்துப்பேச்சியால் அவளைத் தடுக்க முடியவில்லை. அவள் தலை ஓட்டைக்கு அந்தப் பக்கம் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். பொறவு அடுப்பைப் பற்றவைத்தாள்.

சூப்பரிண்டெண்டின் அரையாண்டு அறிக்கையில் ஒரு வரி: 'சபையின் இடைவிடாத முயற்சியால், குறை கூறும் ஊழியர்களின் தொகை பாதியாகக் குறைந்துள்ளது.' மீதிப் பாதியும் சீக்கிரம் குறையும் என்று கமிட்டி நம்பிக்கை தெரிவித்தது.

மீதிப் பாதி என்பது முத்துப்பேச்சி. அவள் இப்போது அடுப்படியில் இருக்கும்போது கட்டிலடியில் இல்லை, கட்டிலடியில் இருக்கும்போது கிணற்றடியில் இல்லை. எழுந்து உட்காரக்கூடிய நாலு கிழவிகள் தங்கள் பக்கத்துக் கட்டில்காரர்களுக்குக் கஞ்சி ஊட்டினார்கள். ஆனால் உக்கிரபாண்டியை யார் புரட்டுவது? சிவந்த இடத்தில் ஒருநாள் தோல் லேசாக உரிந்தது. முத்துப்பேச்சி நேரே ஆபீஸுக்குப் போய் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயா, உங்க கால்ல விழுதேன். ஒரு ஆளு. பொம்பளை ஆளுன்னாலும் போதும். இல்லைன்னா தவசிமுத்தையாவது விடுங்க. ஹவில்தார் மாமாவுக்கு முதுகுத் தோலு உரிஞ்சிருச்சுய்யா."

ஸ்டூலில் இருந்த தவசிமுத்து தலையைக் குனிந்துகொண்டான். கண்ணுச்சாமிக்கும் மனசு கேட்கவில்லை. ரிஜிஸ்டரை முன்னும் பின்னும் புரட்டினார். "இதுக்கு இதுல கட்டம் இல்லையேம்மா. மகிழ்ச்சிக்கு இருக்கு, உற்சாகத்துக்கு இருக்கு. ஆளுக்கு இல்லை. ஒண்ணு செய்யலாம். உற்சாகத்துல 'குறைவு'ன்னு போட்டுக்கிடவா?"

"போட்டுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள்.

துரை வரப்போகும் நாள் வந்தது. இரண்டு தலைவாசலிலும் வாழைமரம். முற்றத்தில் பந்தல். 'ஊழியர்' என்று சொல்லிக் காட்ட ஒருத்திதான் இருந்தாள் என்பதைக் கடைசி நேரத்தில்தான் கமிட்டி கவனித்தது. உடனே, உட்காரக்கூடிய நாலு கிழவிகளுக்கும் புதுச் சேலை உடுத்தி, முத்துப்பேச்சிக்குப் பக்கத்தில் வரிசையாக உட்கார வைத்தார்கள். சீனியம்மாள் பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள். "ஏட்டி முத்துப்பேச்சி, எனக்கு வேலை கெடைச்சிருச்சுடி!"

துரை வந்தார். தலைவர் வாசித்த வரவேற்பில் 'க்ஷேமம்' என்ற சொல் நாற்பத்தொரு தடவை வந்தது. "மாட்சிமை தங்கிய துரையவர்களே! ஊழியர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டீர்கள். இதோ, நாங்கள் பன்னிரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்! சூப்பரிண்டெண்டு பார்க்கிறார், அவரைச் சேவகன் பார்க்கிறான், ரிஜிஸ்டரை நான் பார்க்கிறேன். பார்க்காத நேரமே கிடையாது!"

துரை வரிசையில் இருந்த சீனியம்மாளை உற்றுப் பார்த்தார். "இந்த ஊழியருக்கு வயது எவ்வளவு?"

"மிகவும் அனுபவசாலி" என்றார் தலைவர்.

அந்த நேரம் உள்ளேயிருந்து ஹவில்தாரின் குரல் பந்தலைக் கிழித்துக்கொண்டு வந்தது. "ஏட்டி முத்துப்பேச்சி! முதுகு வேகுதுடீ! பொரட்டிப் போட்டுட்டுப் போய் சொகமா இரு!"

முத்துப்பேச்சி எழுந்து உள்ளே ஓடினாள். அவள் பின்னாலேயே துரை. துரைக்குப் பின்னால், எந்த வாசல் வழியாகப் போவது என்று ஒரு கணம் முட்டி மோதிக்கொண்டு, கமிட்டி.

அவள் தலைமாட்டில் ஜமுக்காளத்தைச் சுருட்டிப் பிடித்து நின்றாள். துரைக்குத் தமிழ் கொஞ்சம் வரும். "கால் பக்கம் யார்?" என்று கேட்டார்.

பன்னிரண்டு மெம்பர்களும் மோட்டுவளையைப் பார்த்தார்கள். அங்கே ஒரு பல்லிதான் இருந்தது. துரையின் பார்வை மெதுவாக நகர்ந்து, கோட்டும் அகலத் தோளுமாக நின்ற கண்ணுச்சாமியிடம் நின்றது. தலைவருக்கு ராவ் சாகிப் பட்டம் கண் முன்னே ஊசலாடியது. "கண்ணுச்சாமி, பிடி" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

கண்ணுச்சாமி கோட்டைக் கழற்றவில்லை. கால்மாட்டில் போய் நின்று, ஜமுக்காள முனையை இரண்டு விரலால் எடுத்தார்.

"நல்லா சுருட்டிப் பிடிங்கய்யா. முழங்காலை மடக்குங்க. இடுப்பை வளைக்காதீக" என்றாள் முத்துப்பேச்சி.

"முழங்கால் மடக்கறதா? இம்புட்டுப் பேருக்கு முன்னாலயா? நான் ஒரு உத்தியோகஸ்தன்மா" என்றார் அவர் தணிந்த குரலில். காலை விறைப்பாக ஊன்றிக்கொண்டு, சபையில் நமஸ்காரம் செய்கிற மாதிரி இடுப்பை மட்டும் வளைத்தார்.

"சொன்னாக் கேளுங்கய்யா..."

"நீ 'உம்' சொல்லும்மா."

"உம்" என்றாள் அவள்.

பட்டென்று ஒரு சத்தம் கேட்டது. உக்கிரபாண்டி அழகாகப் புரண்டுவிட்டார். மாதக்கணக்கில் இப்படிச் சுத்தமாகப் புரண்டதில்லை. ஆனால் கண்ணுச்சாமி வளைந்தவர் வளைந்தபடியே நின்றார். நிமிரவும் இல்லை, கீழே போகவும் இல்லை. தலைப்பாகை மட்டும் விழுந்து உருண்டு, ஹவில்தாரின் எச்சில் சட்டியருகே போய் நின்றது.

"ஐயோ" என்றார் சூப்பரிண்டெண்டு. உத்தியோகத்தில் சேர்ந்த பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அது.

பக்கத்துக் கட்டில் போன வாரம்தான் காலியாகியிருந்தது. தவசிமுத்து ஸ்டூலை உதைத்துத் தள்ளிவிட்டு ஓடிவந்தான். அவனும் முத்துப்பேச்சியுமாக அவரை அப்படியே தூக்கி அதில் கிடத்தினார்கள். துரை அவர் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார், கேட்டார், அமுக்கினார். பொறவு விருந்தினர் புஸ்தகத்தை வரவழைத்து எழுதினார்: 'மூன்று மாதம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரண்டு பேர் பிடித்துப் புரட்ட வேண்டும்.' எழுதி முடித்து, பன்னிரண்டு முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு ஜட்காவில் ஏறிப் போய்விட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் கட்டிலைச் சுற்றிக் கமிட்டி கூடியது. தலைவரின் சம்சாரம், அதாவது கண்ணுச்சாமியின் தமக்கை, வில்லிபுத்தூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து, கமிட்டி நடுவே நின்று மூக்கைச் சிந்தினாள். "எந்தம்பி பொரளாமக் கெடக்கான். நீங்க வாயப் பாத்துக்கிட்டு நிக்கீக. ஆளுக்கு வழி பண்ணுங்கய்யா!"

"மாமா, ஒரு ஆளு போடுங்க மாமா! ஒத்தப் பொம்பளையால என்னப் பொரட்ட முடியாது மாமா!" என்று கட்டிலிலிருந்து சூப்பரிண்டெண்டு கதறினார்.

"எந்த ஆளு?" என்றார் தலைவர் பழக்க தோஷத்தில்.

"கால்மாட்டப் பிடிக்க!"

ஆறு மாதமாக எந்த ரிஜிஸ்டரிலும் இடமில்லாத ஒரு விஷயம், தலைவர் ஒரு வெற்றிலை மென்று துப்புகிற நேரத்துக்குள் தீர்மானமாகிவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை. 'மேற்படி ஆள், சூப்பரிண்டெண்டு அவர்கள் குணமடையும் வரையில் மாத்திரம்.'

மறுநாள் கான்சாபுரத்திலிருந்து வெள்ளத்தாய் வந்தாள். நாற்று நட்டுத் திரண்ட தோள். வந்ததும் வராததுமாகச் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு உக்கிரபாண்டியின் கால்மாட்டைப் பிடித்தாள். ஹவில்தார் இறகு மாதிரி புரண்டார். பொறவு இருவரும் பக்கத்துக் கட்டிலுக்கு வந்தார்கள்.

"இவுக யாருக்கா?" என்றாள் வெள்ளத்தாய்.

"நம்மளப் பாத்துக்கிட வந்தவுக."

வெள்ளத்தாய் கட்டிலில் கிடந்தவரை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லாத்தான் பாத்துருக்காக" என்று சொல்லிவிட்டு முழங்காலை மடக்கினாள்.

ஆபீஸில் ஆள் இல்லாதபடியால் சேவகனுக்கு வேலையில்லை. தவசிமுத்து வில்லையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தண்ணீருக்குப் போனான். மணியடிக்க ஆளில்லை, கேள்வி கேட்க ஆளில்லை. உக்கிராண அறை காலியாகக் கிடந்தது. ஒரு மத்தியானம் வெள்ளத்தாய், "நான் பாத்துக்கிடுதேன், போய்ப் படுக்கா" என்று முத்துப்பேச்சியைப் பிடித்துத் தள்ளினாள். அவள் அந்த அறையில் போய்ப் படுத்தாள். விழித்தபோது மாலை வெயில் சுவரில் ஏறியிருந்தது. யாரும் சாகவில்லை. அதை நம்ப முடியாமல் ஒவ்வொரு கட்டிலாக எண்ணிப் பார்த்தாள். உக்கிரபாண்டியின் முதுகில் உரிந்த இடம் பக்குக் கட்டியிருந்தது.

இரண்டரை மாதம் போயிற்று. ஒரு நாள் முத்துப்பேச்சி கஞ்சியோடு உள்ளே வரும்போது, சூப்பரிண்டெண்டு எழுந்து நின்று, ஜன்னல் மேடையிலிருந்த வெற்றிலைப் பெட்டியை எட்டி எடுத்துக்கொண்டிருந்தார். நன்றாக வளைந்தார், நன்றாக நிமிர்ந்தார். அவளைப் பார்த்ததும் அப்படியே உறைந்துபோனார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவருக்கு வெந்நீர் ஒத்தடமும், எண்ணெய்த் தேய்ப்பும், நேரத்துக்குக் கஞ்சியும், "வலிக்காய்யா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிற்கிற ஒரு ஆளும் பிறந்ததிலிருந்து இப்போதுதான் கிடைத்திருந்தது. அவளுக்கும் ஏதோ கிடைத்திருந்தது. யார் யாரைக் காட்டிக்கொடுத்தாலும் நிபந்தனை அமலுக்கு வந்துவிடும்.

"படுங்கய்யா. கஞ்சி ஆறுது" என்றாள் முத்துப்பேச்சி.

அவர் படுத்தார். பக்கத்துக் கட்டில் ஹவில்தார் மோட்டைப் பார்த்துக்கொண்டு, "பட்டாளத்துல சும்மா நோவுன்னு படுக்கிறவனுக்குத் தனிக் கொட்டகையே உண்டு" என்று மட்டும் சொன்னார்.

மாதக் கடைசியில் தலைவர், வில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற டிரெஸ்ஸர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் மினிட்ஸ் புஸ்தகம். "மூணு மாசம் ஆச்சே. எந்திரிச்சிட்டான்னா அந்தப் பொம்பளையை அனுப்பிரலாம் பாருங்க. வீண் செலவு."

டிரெஸ்ஸர் குனிந்து, "எப்பிடி இருக்கு?" என்று கேட்டார். கண்ணுச்சாமி கண்ணை மூடிக்கொண்டார். வயிற்றின் அடியாழத்திலிருந்து ஒரு முனகல் புறப்பட்டு வந்தது.

"பாருங்கய்யா, மேலுக்குத்தான் நல்லாருக்கு. உள்ளுக்குள்ள இன்னும் எறங்கலை. அவசரப்படுத்துனா ஆயுசுக்கும் இழுத்துரும்" என்றாள் முத்துப்பேச்சி.

"எட்டு வருஷம் பாத்தவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் டிரெஸ்ஸர்.

தலைவர் பெருமூச்சு விட்டு, புஸ்தகத்தை விரித்து, இன்னும் ஒரு வருஷத்துக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மை காயும் வரையில் நின்றுவிட்டு, "நேரமாச்சே, பொரட்ட வேண்டாமா? நான் பாத்துட்டே போறேன்" என்றார்.

வெள்ளத்தாய் தலைமாட்டுக்குப் போனாள். முத்துப்பேச்சி கால்மாட்டில் ஜமுக்காளத்தைச் சுருட்டிப் பிடித்தாள். எழுந்து நடமாடக்கூடிய ஒரு மனிதரை, இருவருமாகச் சேர்ந்து, மிகுந்த ஜாக்கிரதையாகப் புரட்டிப் போட்டார்கள்.